மூடி மேல் இரண்டு செங்கல்

1

கனடாவுக்கு வந்து ஐந்து வருடம் முடிந்த அதே வாரத்தில் எங்கள் வீட்டில் இரண்டு முறை பயறு வேகவில்லை. ஐந்து வருடம் முடிந்த செய்தியை ராயபுரத்துக்குப் போன் போட்டுச் சொன்னபோது "அப்படியா, நல்லது" என்று விட்டுவிட்டார்கள். பயறு வேகாத செய்திக்குத்தான் மொத்தக் குடும்பமும் கவலைப்பட்டது.

நாங்கள் இருப்பது வினிபெக்கில். நான் ராயபுரத்துப் பெண். என் கணவர் அல்போன்ஸ் எண்ணூர்க்காரர். மகள் ஜெனிக்கு ஏழு வயது. ஊரில் நான் திருவொற்றியூரில் ஒரு பெண்கள் பள்ளியில் வேதியியல் கூடத்து உதவியாளராக இருந்தேன். குடுவை கழுவுவதும் அமிலம் ஊற்றி வைப்பதும்தான் வேலை என்றாலும், ஏன் நிறம் மாறியது, ஏன் நுரைத்தது என்று கேட்டுக் கேட்டு டீச்சர்களின் உயிரை வாங்கியவள். இங்கே ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பிரிவில் இருக்கிறேன். அங்கே கேட்பதற்குக் கேள்வி அதிகமில்லை. அதனால் அந்தக் குணம் முழுக்க வீட்டுச் சமையலறையில் இறங்கிவிட்டது.

ஐந்து வருடம் முடிந்ததே, இனியாவது குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்று அல்போன்ஸ் படிவம் வாங்கி வந்திருந்தார். அதில் ஒரு கட்டம் என்னை இரண்டு நாள் உட்கார வைத்தது. இந்த நாட்டில் இல்லாத நாட்களை எல்லாம் தேதிவாரியாக எழுத வேண்டுமாம். நாங்கள் ஊருக்குப் போனது ஒரே தடவை. ஜெனிக்கு நாலு வயதாகும்போது, தவக்காலக் கடைசியில் போய் ஈஸ்டர் முடித்துத் திரும்பினோம். பாஸ்போர்ட்டின் முத்திரைகளைப் பார்த்து விரல் விட்டு எண்ணினால் முப்பத்தெட்டு நாள் வந்தது. என் வாழ்க்கையிலேயே நான் முழுசாக இருந்த முப்பத்தெட்டு நாட்களை 'இல்லாத நாட்கள்' என்ற கட்டத்தில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டேன். சிரிப்பாகத்தான் இருந்தது.

அந்தக் கையெழுத்தின் மை காய்வதற்குள் ஜெனியின் புத்தகப் பையிலிருந்து ஒரு கடிதம் வந்தது.

2

கடிதம் அவளுடைய வகுப்பு ஆசிரியையிடமிருந்து. குளிர்நாளில் உங்கள் வீட்டில் என்ன சாப்பிடுவீர்கள் என்று பிள்ளைகளைப் படம் வரையச் சொன்னாராம். ஜெனி பீன்ஸ் சூப் வரைந்திருக்கிறாளாம். படம் மிக அழகு. வரும் புதன்கிழமை மதியம் வகுப்பில் சூப் விருந்து இருக்கிறது. உங்கள் வீட்டு பீன்ஸ் சூப்பை ஒரு சட்டி கொண்டுவர முடியுமா என்று கேட்டிருந்தார்.

எங்கள் வீட்டு பீன்ஸ் சூப். எனக்குத் தெரிந்து எங்கள் வீட்டில் ரசம் உண்டு, சாம்பார் உண்டு, ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு உண்டு. பீன்ஸ் என்றால் ஊரில் பொரியல் செய்கிற பச்சைக் காய். இங்கே பீன்ஸ் என்றால் பாக்கெட்டில் வரும் காய்ந்த பயறு. அந்தச் சிவப்பு ராஜ்மாவை நான் முதன்முதலில் பார்த்ததே யானைக்கவுனியில் ஒரு சேட்டு கடைச் சாக்கில்தான். தின்றதில்லை.

"நாம எப்போ பீன்ஸ் சூப் குடிச்சோம்?" என்று ஜெனியைக் கேட்டேன்.

"குடிச்சோமே" என்றாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். எங்கள் வீட்டு ஏற்பாடு அது. அவள் சொன்னதைத்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"எப்போ?"

"ஒருநாள்."

"எங்கே?"

கொஞ்சம் யோசித்தாள். "வெளியில. வெளியில வெச்சு செஞ்சாங்க."

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் முட்டியளவு பனி. மூக்கை நீட்டினால் உள்ளே ரோமம் உறைகிற குளிர். இதில் வெளியில் சட்டி வைத்து யார் சூப் காய்ச்சினார்கள்? எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பொய் சொல்லாதே ஜெனி. யாரு வீட்டுலயோ பாத்துட்டு நம்ம வீட்டுதுன்னு வரைஞ்சிட்டே. நம்ம சாப்பாட்டைச் சொல்ல வெக்கமா?"

அவள் உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள்.

என் பயத்தைச் சொல்லிவிடுகிறேன். சூப் எனக்குப் பெரிதில்லை. இரண்டு வருடமாக அவள் ஊர்ப்போனைத் தொடுவதில்லை. ஒருமுறை என் அண்ணன் பிள்ளைகள் அவள் தமிழைக் கேட்டுச் சிரித்துவிட்டார்கள். கெட்ட எண்ணமில்லாத சிரிப்புதான். ஆனால் அன்றிலிருந்து நான் ஊருக்கு நிமிடக் கணக்கில் பேசும் போன் கார்டைக் கையில் எடுத்தாலே குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வாள். அண்ணன் "பாப்பா எங்க?" என்று கேட்பார். "தூங்குறாண்ணே" என்பேன். இப்படி ஒவ்வொரு சரடாக அறுந்துகொண்டு வரும்போது, தன் வீட்டுச் சாப்பாடு என்று வேறு யார் வீட்டுச் சாப்பாட்டையோ வரைந்து வைத்திருக்கிறாளே என்றுதான் மனசு கலங்கியது. அவளை வகுப்பில் காட்டிக்கொடுக்கவும் மனமில்லை. சரி, இல்லாத சூப்பை உண்டாக்கிவிடுவோம் என்று இறங்கினேன்.

3

பக்கத்து வீட்டு அம்மாள் மகளோடு வேறு ஊருக்குக் குடிபோனபோது ஒரு ஸ்லோ குக்கரைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். முட்டை வடிவத்தில் கனமான பீங்கான் பானை, அதைச் சுற்றி மின்சாரத்தில் சூடாகும் உறை, கண்ணாடி மூடி. காலையில் எல்லாவற்றையும் உள்ளே போட்டுவிட்டு வேலைக்குப் போனால் சாயங்காலம் வெந்திருக்குமாம். விசில் கிடையாது, ஆவி சீறாது, சத்தமே இல்லை. இப்படியொரு ஊமைப் பாத்திரம் எப்படிச் சமைக்கும் என்று பார்க்க ஒரு வருடமாகவே எனக்கு ஆசை.

இரவு ராஜ்மாவை ஊறப்போட்டேன். காலையில் வெங்காயம், கேரட், பூண்டு எல்லாம் நறுக்கிப் போட்டுத் தண்ணீர் ஊற்றி, விசையைத் திருப்பிவிட்டு ஐந்தரைக்கே வேலைக்குக் கிளம்பிவிட்டேன். சலவை இயந்திரத்துக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் அதே நினைப்பு. இப்போது சூடேறியிருக்குமா, இப்போது தோல் வெடித்திருக்குமா என்று.

சாயங்காலம் வந்து மூடியைத் தூக்கினால் தண்ணீர் குளிர்ந்து கிடந்தது. பயறு கூழாங்கல். பின்னால் ஒயரைப் பார்த்தால் பிளக் சுவரில் இல்லை. அழகாகச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு வைக்கப்பட்டிருந்தது.

"நீ பாட்டுக்கு ஆன்ல வுட்டுட்டுப் போயிட்டே" என்றார் அல்போன்ஸ், வீட்டையே காப்பாற்றிவிட்ட பெருமையோடு. "நல்லவேளை, பூட்றதுக்கு முன்னாடி நான் பாத்தேன்."

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் பக்கத்தில் வளர்ந்த யாரும் இதைத்தான் செய்வார்கள். கட்டியும் கட்டாமலும் ஒட்டிக்கொண்டு நிற்கும் வீடுகள். ஒரு வீட்டில் தீ பிடித்தால் சந்து முழுக்க வெளியே ஓட வேண்டும். எண்ணூரில் அவர் வீட்டில், கடைக்கு உப்பு வாங்கப் போனாலும் ஸ்டவ்வை அணைத்துவிட்டுத்தான் படியிறங்குவார்கள். எங்களுக்குக் கல்யாணமாகிச் சிலிண்டர் வந்த பிறகு, வாசலில் நின்று அவர் "கேஸ்?" என்று கேட்பார், நான் "மூடியாச்சு" என்பேன். பூசையில் குருவானவர் ஒன்று சொல்ல நாம் ஒன்று சொல்வதைப்போல, இந்தப் பதில் வராமல் எங்கள் வீட்டுப் பூட்டு விழுந்ததே இல்லை. இங்கே வந்த பிறகும் கேட்கிறார். இங்கே சிலிண்டரே கிடையாது. நானும் மூடியாச்சு என்கிறேன்.

"ஆளில்லாத வூட்டுல சட்டிய கொதிக்க வுட்டுட்டுப் போறதுக்கின்னே ஒரு சாமான் செஞ்சிகீறானுங்களா?" என்று குக்கரைச் சுற்றி வந்து பார்த்தார். அவருக்கு நம்பவே முடியவில்லை. எனக்கும், உண்மையைச் சொன்னால், பாதிதான் நம்பிக்கை.

4

சனிக்கிழமை நான் வீட்டில் இருந்தேன். அதனால் பிளக்குக்கு ஆபத்தில்லை. என்னால்தான் ஆபத்து.

இந்தமுறை நம் நாக்குக்கும் கொஞ்சம் இருக்கட்டும் என்று தக்காளியையும் ஒரு கரண்டி புளித்தண்ணீரையும் ஆரம்பத்திலேயே விட்டேன். ஒரு நோட்டை எடுத்து நேரம் போட்டு வைத்துக்கொண்டேன். கால்மணிக்கு ஒருதரம் மூடியைத் தூக்கி, ஒரு பயறை எடுத்து நகத்தால் அழுத்திப் பார்த்து எழுதினேன். எட்டேகால், கல். எட்டரை, கல். பதினொன்று, கல். இரண்டு மணிக்கும் கல். நோட்டில் பக்கம்தான் நிறைந்தது.

சாயங்காலம் ஏழுக்கு மனம் தளர்ந்து கார்டைச் சுரண்டி எண்ணை அழுத்தி அண்ணனைக் கூப்பிட்டேன். ஜெனி வழக்கம்போலக் குளியலறைக்குள் போனாள். ஊரில் அப்போது ஞாயிறு விடிகாலை. ஜோசப் அண்ணன் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் பிரிவில் இருக்கிறார். ஞாயிறு என்றால் முதல் பூசைக்குக் கிளம்பி நிற்பார்.

"இன்னாமா, இந்நேரத்துல? எல்லாம் நல்லாகீறீங்கல்ல?"

"நல்லாதான் இருக்கோம்ணே. பயறு வேக மாட்டேங்குது."

"இன்னாது? பயறு வேவலன்னு கனடாலேர்ந்து போன் போட்டுகினுகீறியா?"

நான் குக்கரை விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"எத்தினி விசிலு?"

"விசிலே கிடையாதுண்ணே."

"விசில் இல்லாத குக்கரா? பேஜாரா கீதே. சரி, தக்காளி, புளி எதுனா போட்டியா?"

"முதல்லயே போட்டேன்."

"அதான். புளிப்பு பட்டா பயறு வெறைச்சிகினு நிக்கும், எத்தினி நேரமானாலும் வேவாது. அதெல்லாம் கடைசிலதான். மூடிய தொறந்து பாத்தியா?"

"அப்பப்போ."

"அப்பப்போன்னா?"

"கால்மணிக்கு ஒருக்கா."

அண்ணன் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்த அண்ணியும் சிரிப்பது கேட்டது. "ஸ்டெல்லா, நீ மாறவே இல்ல. பெரிய வெள்ளிக்கு கஞ்சி காச்சறப்ப அண்டாவ மூடி மேல ரெண்டு செங்கல்லு வெப்போமே, எதுக்குன்னு நெனச்சே? உன்ன மாதிரி ஆளுங்க தொறக்கக்கூடாதுன்னுதான்."

பெரிய வெள்ளிக் கஞ்சியை வெளியூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வெள்ளியன்று சிலுவைப் பாதை நடந்து களைத்து வருகிறவர்களுக்கு, கோயிலை ஒட்டிய சந்தில் எங்கள் தெரு ஆட்கள் கஞ்சி காய்ச்சி ஊற்றுவார்கள். நொய்யும் பச்சைப்பயறும் பூண்டும் போட்ட கஞ்சி. துறைமுகத்தில் சரக்கு வந்த பெட்டிப் பலகைகள்தான் விறகு. பலகையில் ஏதேதோ நாட்டு எழுத்து அச்சடித்திருக்கும், அதோடு எரியும். பெண்கள் எல்லாம் சிலுவைப் பாதையில் இருப்பதால் காய்ச்சுவது முழுக்க ஆண்கள் வேலை. நாங்கள் வருகிறபோது கஞ்சி தயாராக இருக்கும். தூக்குச்சட்டியோடு வரிசையில் நிற்பவர்களில் எல்லாச் சாமி கும்பிடுகிறவர்களும் இருப்பார்கள்.

"பாப்பா எங்க, குடு" என்றார் அண்ணன் கடைசியில்.

"தூங்குறாண்ணே."

"நான் எப்ப கேட்டாலும் பாப்பா தூங்கிகினுதான் கீது" என்றார். அவருக்குத் தெரியும் என்பது குரலிலேயே தெரிந்தது. அதற்குமேல் அவர் கேட்கவில்லை. மகளைப் பொய்க்காரி என்று திட்டிய நான்தான் இரண்டு வருடமாக அண்ணனிடம் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போது உறைத்தது.

5

புதன்கிழமைக்கு லீவு போட்டேன். அதற்குள், முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்திருந்தேன். குக்கரோடு வந்த சிறு புத்தகத்தைப் படித்தேன். சிவப்பு ராஜ்மாவை ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் முதலில் அடுப்பிலேயே பத்து நிமிடத்துக்குக் குறையாமல் தளதளவென்று கொதிக்கவிட வேண்டுமாம். இல்லாவிட்டால் அதிலுள்ள ஒரு நஞ்சு வயிற்றைக் கலக்கி வாந்தியில் கொண்டுவிடுமாம். இந்த ஊமைப் பானையின் மிதமான சூடு மட்டும் அதற்குப் போதாதாம். முதல் இரண்டு சட்டியில் ஒன்று அரைகுறையாக வெந்திருந்தால் இருபது பிள்ளைகளுக்கு ஊற்றியிருப்பேன். அல்போன்ஸ் பிடுங்கிய பிளக்குக்கு மனசுக்குள் நன்றி சொன்னேன்.

அதிகாலையில் அரைமணி நேரம் அடுப்பில் கொதிக்கவைத்துவிட்டுப் பானைக்கு மாற்றி, வேகமான சூட்டில் வைத்தேன். ஏழு மணிக்கு ஜெனி எழுந்து வந்தாள். குக்கரைச் சுற்றி வந்தாள். பிறகு அலமாரியிலிருந்து இரண்டு தக்காளி டின்களை எடுத்துவந்து கண்ணாடி மூடியின் மேல் பக்கத்துக்கு ஒன்றாக வைத்தாள்.

"இது எதுக்கு?"

"ரெண்டு வைக்கணும்" என்றாள்.

அண்ணன் சொன்னதைக் குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒட்டுக்கேட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். ஏழரைக்கு அவள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போது எனக்குக் கை பொறுக்கவில்லை. டின்களை நகர்த்தி ஒரே ஒருமுறை திறந்து பார்த்தேன். அவள் எழுந்து வந்து, மறுபடி டின்களை வைத்துவிட்டுப் போனாள்.

பதினொரு மணிக்கு ஒரு பயறை எடுத்து அழுத்தினேன். நகம் பட்டதும் நசுங்கி வெண்ணெயாக வழிந்தது. அதன்பிறகுதான் தக்காளி, கடைசியில் கொஞ்சம் புளி, சீரகமும் பூண்டும் தட்டித் தாளித்தது. ஒன்றரை மணிக்கு அல்போன்ஸ் பானையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொள்ள, நான் வண்டியை ஓட்டினேன்.

வகுப்பறையில் ஏழெட்டுச் சட்டிகள் வரிசையாக ஆவி விட்டுக்கொண்டிருந்தன. சுவர் முழுக்கப் படங்கள். ஒவ்வொரு படத்திலும் ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே பனி, உள்ளே மேசை, மேசையில் கிண்ணம்.

ஒரு படத்தில் மட்டும் பனி இல்லை. மஞ்சளாக ஒரு பெரிய சூரியன். தரையில் பலகைகள் எரிகின்றன, பலகையில் கோணல் எழுத்துகள். மேலே கருப்பாக ஒரு அண்டா. கட்டம் போட்ட நீலக் கைலி கட்டிய ஒருவர் பெட்டி மேல் ஏறி நின்று, தன்னைவிட நீளமான ஒரு துடுப்பை அண்டாவுக்குள் விட்டுக்கொண்டிருக்கிறார். துடுப்பின் நுனியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண். பின்னால் கையில் தூக்குச்சட்டிகளோடு நீளமாக ஒரு வரிசை. ஓரத்தில் ஒரு வட்ட மூடி, அதன் மேல் சிவப்பாக இரண்டு செங்கல்.

கட்டுமரம் வைத்திருக்கும் வீட்டிலிருந்து ஒரு துடுப்பை வாங்கிக் கழுவி, அதால்தான் எங்கள் தெருவில் கஞ்சியைக் கிளறுவார்கள். அந்தப் பெரிய வெள்ளியில் நான் சிலுவைப் பாதை நடக்க, நாலு வயது ஜெனியை அண்ணன் வைத்திருந்தார். அண்டாவுக்குப் பக்கத்தில் அவள் என்ன பார்த்தாள், என்ன செய்தாள் என்று அன்றும் நான் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

படத்துக்குக் கீழே அவள் சொல்லச் சொல்ல ஆசிரியை ஒரு வரி எழுதியிருந்தார். 'எங்கள் மாமா சூப்பில் படகு ஓட்டுவார்.'

"கற்பனை வளம் அதிகம் உங்கள் மகளுக்கு" என்றார் ஆசிரியை பக்கத்தில் வந்து.

"இது கற்பனை இல்லை" என்றேன். "நடந்தது. அவர் என் அண்ணன்." அல்போன்ஸ் படத்தின் கிட்டே போய்க் கைலியின் கட்டங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் இன்னொன்றும் புரிந்தது. செங்கல் விஷயத்தை அண்ணன் சொன்னது போனில், என் ஒருத்தி காதில். குளியலறைக்குள் இருந்தவளுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? சட்டியைக் கால்மணிக்கு ஒருதரம் திறந்து பார்த்தவள், மகளிடம் "வெளியிலன்னா எங்கே?" என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. ஜெனியைப் பக்கத்தில் இழுத்து, "நீ பொய் சொல்லல. அம்மாதான் தப்பு" என்றேன். "தெரியும்" என்றாள், கிண்ணத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

6

அன்று சாயங்காலம் நான் கார்டை எடுத்தேன். ஜெனி குளியலறைப் பக்கம் இரண்டடி போய், கதவருகே நின்றுவிட்டாள். அண்ணன் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தார்.

"இன்னாமா, பயறு இன்னா ஆச்சு?"

நான் போனை ஜெனி பக்கம் நீட்டினேன். வாங்கமாட்டாள் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு வந்து இரண்டு கையாலும் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள்.

"மாமா" என்றாள். "பயறு வெந்துச்சு."

அண்ணன் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை.

"துடுப்பு இல்ல மாமா. கரண்டி." சொல் தேடித் தேடி வந்தது. "ரெண்டு வெச்சேன், மேல. அம்மா தொறந்தாங்க. ஒரு வாட்டி."

அண்ணன் சிரித்த சத்தம் எனக்கே கேட்டது. இவளும் சிரித்தாள். அதன்பிறகு அவர் பேசப் பேச இவள் "ம்" கொட்டிக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அல்போன்ஸ் சமையலறை வாசலில் நின்றபடி, என்னைப் பார்க்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திடீரென்று ஜெனியின் முகம் சுருங்கியது. கார்டில் ஒரு நிமிடம்தான் பாக்கி என்று ஒரு பெண் குரல் நடுவில் புகுந்து ஆங்கிலத்தில் சொல்லும். அதைத்தான் கேட்டிருக்கிறாள்.

"இரு, எங்க மாமா பேசுறாங்க" என்றாள் அந்தக் குரலிடம், தமிழில்.